இடப்பக்கம் சாய்ந்த சீட்

போன வருஷம் அக்டோபர் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்தேன். பால் விடாத கட்டன் சாயா போட்டுக் குடித்தேன். வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்து ஜெபம் செய்தேன். துவைத்துப் போட்ட காக்கிச் சட்டை மழை ஈரத்தில் காயாமல் இருந்தது. இஸ்திரிப் பெட்டியால் உலர்த்திப் போட்டுக்கொண்டேன். தோவாளை வழியாகப் போகும் பஸ்ஸில் பூச்சாக்குகளுக்கு நடுவே நின்று, டிராக்டர் பட்டறை வாசலில் இறங்கினேன். கம்ப்ரசரில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட்டேன், கிரீஸ் கன்னை நிரப்பினேன், முந்தின நாள் பாதியில் விட்டிருந்த கிளட்ச் வேலையை எடுத்தேன். இதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததற்கு ஒரே வரிதான்: "ஐயப்பன் சீட், மூன்றாம் தடவை." அதை இப்போது விரித்து எழுத வேண்டியிருக்கிறது.

நான் ஓய்வு பெற்று ஆறேழு மாதம் ஆகிறது. இப்போது பட்டறையில் பழைய டிராக்டரின் சீட்டைப் பழுது பார்ப்பதில்லை. அட்டைப்பெட்டியில் முழு சீட் வருகிறது. நாலு போல்ட் மாட்டினால் முடிந்தது. அதில் எனக்குக் குறையில்லை. நல்ல சீட்தான் வருகிறது. ஆனால் "பழைய சீட்டைக் கழற்றுமுன் அதில் ஏறி உட்கார்ந்து பார்க்கவும்" என்று சுவரில் இன்னும் எழுதிப் போட்டிருக்கிறது. தூக்கிப் போடப் போகிற சீட்டில் எதற்கு உட்கார வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் போனில் கேட்டார்கள். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ. முடித்து இந்தப் பட்டறையில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலையே சீட்தான். காரணம், வேறு யாருக்கும் அது பிடிக்காது. என்ஜின் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு சீட் என்றால் இளக்காரம். சேறும் வியர்வையும் ஊறிய ஸ்பாஞ்சைத் தொடவே கூசுவார்கள். பிறகு நான் கியர் பெட்டி, ஹைட்ராலிக், பம்பு எல்லாம் பழகினேன். இருந்தாலும் சீட் வந்தால் "தாஸ்கிட்ட குடு" என்பது மாறவில்லை. நானும் மறுக்கவில்லை.

பழைய வண்டியின் சீட்டை இப்படித்தான் பார்ப்பேன். முதலில் என்ஜினை அணைத்துவிட்டு ஏறி உட்கார்வது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், இடது கால் கிளட்சில், வலது கால் பிரேக்கில். கண்ணை மூடினால் எந்த இடுப்பு தாழ்ந்திருக்கிறது என்று தெரியும். பிறகு இறங்கி, பின்னால் நின்று சீட்டின் முதுகைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவது. சீட் மேலும் கீழும் ஆட வேண்டும். பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆடினால் கீழே கீல் இருக்கும் இடத்தில் புஷ் என்கிற உள்வளையம் தேய்ந்து ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும். அப்புறம்தான் ரெக்சினைப் பிரிப்பது. தையல் வழியாக மழைத் தண்ணீர் இறங்கி ஸ்பாஞ்சு ஊறியிருக்கும். ஓட்டுகிறவர் நாள் முழுக்க ஈரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார். அதனால் இரும்புத் தட்டில் தண்ணீர் வடிய ஓட்டை போடுவேன். அடியில் கெட்டி ஸ்பாஞ்சு, மேலே மெத்தென்ற ஸ்பாஞ்சு. ரெக்சினை வெயிலில் போட்டுச் சூடாக்கி, இளகிய பிறகு இழுத்து மாட்டுவேன். ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கிற மாதங்களில் ரெக்சினின் மேல் நாலு பக்கமும் கல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துத் தென்னந்தோப்பில் போய் எடுத்து வர வேண்டியதுதான். ஸ்பிரிங் ஒன்று தளர்ந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இன்னொன்று. உழுகிறவர் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலது கையை ஹைட்ராலிக் நெம்புகோலில் வைத்து, வலப்பக்கமாகத் திரும்பிப் பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைப் பார்த்துக்கொண்டே போவார். அதனால் சீட்டின் வலது ஓரம்தான் முதலில் அமுங்கும். என் சர்வீஸில் நான் பார்த்த தேய்ந்த சீட்டுகள் எல்லாமே ஏறக்குறைய வலப்பக்கம் தேய்ந்தவை.

ஐயப்பன் கொண்டுவந்த சீட் இடப்பக்கம் ஒடிந்திருந்தது.

ஐயப்பன் தோவாளைப் பக்கம் சிதம்பரம் அண்ணாச்சியிடம் டிராக்டர் ஓட்டுகிறவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல். அன்று காலை ஆட்டோவில் வந்து, சீட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். என் மேஜை மேல் அதைப் போட்டுவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தாசண்ணே, மறுபடியும் போச்சு."

"இது புதுசுல்லா ஓய்? ஆடி மாசம் மாத்துனது."

"புதுசுதான். நான் என்ன கடிச்சா தின்னேன்?"

முதல் தடவை சீட்டைத் தாங்கும் இடது பிராக்கெட்டில் வெல்டிங் விட்டிருந்தது. பட்டை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். இரண்டாம் தடவை பட்டையோடு பிய்ந்தது. முழு சீட்டையும் மாற்றினோம். இப்போது அந்தப் புது சீட்டின் இடது பிராக்கெட்டும் வளைந்து கிழிந்திருந்தது. ஒரே இடம்.

"அண்ணாச்சி நேத்து எல்லாரும் நிக்கும்போது சொல்லிட்டாரு," என்றார் ஐயப்பன். "இனி ஒரு சீட்டு ஒடிஞ்சா சாவியத் தந்துட்டு வீட்டுல கெடன்னு. நான் கண்டபடி ஓட்டுதனாம். வரப்புல ஏத்துதனாம்."

"ஏத்துதியா?"

"வரப்புல ஏத்தாம அடுத்த வயலுக்குப் பறந்தா போவேன்?" சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "இந்த முதுக வச்சுக்கிட்டு இன்னொருத்தர்ட்ட போய் வேலைக்கு நிக்க முடியாதுண்ணே. அவரு விட்டா எனக்கு வேற இடம் இல்ல."

கும்பப்பூவுக்கு, அதாவது மாசியில் அறுக்கிற நெல்லுக்கு, தொழி அடிக்கிற நேரம். வயலில் தண்ணீர் கட்டி, சேற்றைக் கலக்கி நடவுக்குத் தயார் செய்வதைத்தான் தொழி அடிப்பது என்போம். ஒரு நாள் வண்டி நின்றாலும் நடவு தள்ளிப்போகும். பட்டறையில் ஒரு பழைய இரும்புச் சட்டி சீட் கிடந்தது. முதுகு கிடையாது, வெறும் குழிந்த தட்டு. இன்றைய வேலைக்கு அதை மாட்டிக்கொள்ளட்டும், சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்தால் புது பிராக்கெட்டோடு மாட்டித் தருகிறேன் என்று முடிவு செய்தேன். நானே கூடப் போவதாகவும் சொன்னேன். ஒரே இடத்தில் மூன்று தடவை ஒடிகிற சீட்டைப் பட்டறையில் இருந்தே பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு அலுத்துவிட்டது.

போக அனுமதி கேட்க ரெஜினா மேடத்திடம் போனேன். அவர்தான் சர்வீஸ் மேனேஜர். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மேஜையில் எப்போதும் சீரகத் தண்ணீர் பாட்டில் இருக்கும். கோபம் வந்தால் அதில் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் பேசுவார். வேலை முடிந்த ஒவ்வொரு வண்டியிலும் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகுதான் வெளியே விடுவார். வந்த புதிதில் பட்டறையில் சிலர் சிரித்தார்கள். எங்கள் வெல்டர் ஒருமுறை, தான் உட்கார்ந்து பார்த்துவிட்டதாகப் பொய் சொன்னார். மேடம் சீட்டை ஒரு தடவை பார்த்தார். "மேல தூசி அப்படியே கெடக்கு. இருந்தது யாரு, ஆவியா?" என்றார். சுவரில் எழுதிப் போட்டது அவர்தான்.

"போயிட்டு வாங்க தாஸ் அண்ணா," என்றார். "நிக்குற வண்டியப் பாக்கண்டாம். வரப்புல இறங்கும்போது பாருங்க."

பட்டறை பைக்கில் போனோம். ரோட்டுப் பாலத்தை ஒட்டி வண்டி நின்றது. சட்டி சீட்டை மாட்டினேன். அண்ணாச்சி அங்கேயே குடையோடு காத்திருந்தார். எழுபது தாண்டியவர், பருமனான உடம்பு, இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவர். அவருடைய வயல்கள் ரோட்டிலிருந்து உள்ளே வெகுதூரம் போகின்றன. வண்டிப்பாதை இல்லை. மழைக்காலத்து வரப்பில் அவரால் நடக்க முடியாது. ஐயப்பன் கை கொடுக்க, படியில் கால் வைத்து ஏறி, பழகிய இடம்போல இடது மட்கார்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருடைய வலது கை தானாகப் பின்னால் போய் எதையோ தேடியது.

"இதென்ன சீட்டு ஓய்? பிடிக்க ஒண்ணுமில்லியே," என்றார் என்னிடம்.

பிறகு ஐயப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி வரப்பில் ஏறி அடுத்த வயலுக்குள் மூக்கு குத்தி இறங்கியது. அண்ணாச்சியின் முழுப் பாரமும் அந்த ஒரு கையில் வந்தது. ஐயப்பன் அப்படியே இடப்பக்கம் சாய்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன்னை நிமிர்த்திக்கொண்டார். அடுத்த வரப்பிலும் அதே. அதற்கு அடுத்ததிலும். நான் பாலத்தில் நின்று பார்த்தேன். சீட்டின் முதுகு இல்லாததால் ஒரு மனிதனின் முதுகு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

வேலைக்கு இடையில் ஐயப்பன் தண்ணீர் குடிக்க வந்தபோது கேட்டேன். "ஏம் ஓய், இத முதல்லயே சொல்லக் கூடாதா?"

"என்னண்ணே சொல்ல? வண்டி அவருக்க, வயலு அவருக்க. கையெடும்னு சொல்லவா?" குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஒண்ணு செய்யுங்க. மட்கார்டுல ஒரு கைப்பிடி பற்றவச்சுத் தந்திருங்க. அவரு அதப் பிடிச்சுக்கிடுவாரு. சீட்டும் ஒடியாது, யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லவும் வேண்டாம்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் மட்கார்டு என்றால் எனக்கு ஒரு ஞாபகமும் உண்டு. நான் வேலையில் சேர்ந்து சில வருஷங்களே ஆகியிருந்தபோது, மட்கார்டு நசுங்கிய ஒரு வண்டி வந்தது. தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள். செய்தேன். சாயா குடிக்கும்போதுதான் வண்டியைக் கொண்டுவந்தவர் சொன்னார்: தேங்காய் வெட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர் அதில் உட்கார்ந்து வந்திருக்கிறார், வண்டி குழியில் இறங்கிய குலுக்கலில் பிடி விட்டு, பின்சக்கரத்துக்கு முன்னால் விழுந்திருக்கிறார். பெயிண்ட் காய்ந்ததும் வண்டி வேலைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு யாராவது மட்கார்டைத் தட்டி "ஏறும் ஓய்" என்று கூப்பிட்டால் நான் நடந்தேதான் போவேன்.

அப்படிப்பட்ட நானே பட்டறைக்குத் திரும்பி, முக்கால் இஞ்சு குழாயை வெட்டி, கைப்பிடியாக வளைத்தேன். எப்படியும் அவர் உட்காரத்தான் போகிறார், ஆடுகிற சீட்டைப் பிடிப்பதைவிட உறுதியான குழாயைப் பிடிப்பது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐயப்பனின் வேலை தப்பும், அண்ணாச்சியின் மனம் கோணாது, நானும் நேரத்துக்கு பஸ் பிடிப்பேன். அன்று மத்தியானத்துக்கு மேல் எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

மேடம் மேஜை மேல் கிடந்த குழாயை எடுத்துப் பார்த்தார். "இது எதுக்கு அண்ணா?"

நான் வயலில் பார்த்ததைச் சொன்னேன். அவர் சீரகத் தண்ணீர் குடித்தார்.

"இத வச்சுக் குடுத்தா, இங்க இருங்கன்னு நாம சொன்ன மாதிரி. இன்னைக்கு அண்ணாச்சி இருப்பாரு. நாளைக்கு அவருக்க பேரப்பிள்ள இருக்கும்."

"இல்லாட்டாலும் இருக்கத்தான் செய்வாரு மேடம்."

"இருக்கட்டும். நம்ம கைப்பிடியப் பிடிச்சிட்டு இருக்கண்டாம்."

"அப்போ ஐயப்பன் வேலை?"

மேடம் குழாயை மேஜையில் வைத்தார். "அவருக்கிட்ட யாராவது ஒருத்தர் பறஞ்சுதான் ஆகணும்," என்றார். "ஐயப்பனால முடியாது. நீங்களும் இத்தன வருஷம் அண்ணாச்சி அண்ணாச்சின்னு சொல்லிட்டீங்க. நான் பாக்கேன்."

சாயங்காலம் வண்டி வந்தது. அண்ணாச்சி அதே மட்கார்டில், ஐயப்பனின் தோளைப் பிடித்தபடி, பட்டறை முற்றத்துக்குள் வந்து இறங்கினார். சீட்டைப் பார்த்து, "இதாவது தாங்குமா? இல்ல, இவன மாத்தணுமா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஐயப்பன் சக்கரத்தில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் தட்டிக்கொண்டு நின்றார்.

நான் புது பிராக்கெட்டோடு சீட்டை மாட்டி, போல்ட்டுகளை முறுக்கி முடித்தேன். மேடம் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் ஏறவில்லை.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணு மேல ஏறி டிரைவர் சீட்டுல இருங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாதும்மா."

"ஓட்டண்டாம். இருந்தா மதி."

அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஐயப்பன் கை கொடுக்க, ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். "இந்த வண்டிய வாங்கி இத்தன வருஷத்துல இதுல நான் இருந்ததே இல்ல பாத்துக்கிடும்," என்றார் என்னிடம்.

"தாஸ் அண்ணா, நீங்க மட்கார்டுல இருங்க."

நான் மேடத்தைப் பார்த்தேன். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது, என்ஜினும் ஓடவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

"சீட்ட பிடிச்சுக்கிடுங்க. இப்ப வண்டி வரப்பிலேருந்து தொழியில இறங்குது. விழாம இருங்க."

சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு என் பாரத்தை வெளிப்பக்கம் விட்டேன். சீட் இடப்பக்கம் இழுத்தது. அண்ணாச்சியின் இடுப்பு வழுக்கியது, "எய்யா!" என்று ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தார்.

"இன்னொரு வரப்பு," என்றார் மேடம்.

மறுபடியும் இழுத்தேன். மறுபடியும். மூன்றாவது தடவைக்கு அண்ணாச்சி முன்கூட்டியே வலப்பக்கம் சாய்ந்து, முதுகை விறைப்பாக்கிக்கொண்டார். ஐயப்பன் உட்காருவதும் அப்படியேதான். நான் கையை எடுத்துவிட்டு இறங்கினேன்.

அண்ணாச்சி இறங்கவில்லை. ஐயப்பனைப் பார்த்தார். "ஏலே, இப்பிடித்தான் இருக்குமா?"

"சில நேரம் அண்ணாச்சி."

"சில நேரமா?"

ஐயப்பன் குச்சியைக் கீழே போட்டார். "நாளு பூரா அப்பிடித்தான்."

அண்ணாச்சி ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சற்றுத் திருப்பிப் பார்த்தார். பிறகு மேடத்திடம், "அப்போ நான் இனி வயலுக்கு எப்படிப் போக?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வண்டியில வேண்டாம் அண்ணாச்சி. அத மட்டும் சொல்லுவேன். பின்ன எப்படின்னு எனக்குத் தெரியாது."

"எங்க வீட்டுல ஒருத்தரும் எனக்கிட்ட இப்படிப் பேசமாட்டாவ."

"அதனாலதான் சீட்டு மூணு தடவ ஒடிஞ்சுது."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். கொஞ்சம்தான். வண்டியில் இருந்த சாவியை உருவிக்கொண்டு, ஐயப்பன் தோளைப் பிடித்து இறங்கினார். ஐயப்பன் முகம் வெளுத்தது. அண்ணாச்சி சாவியை அவர் கையில் வைத்து, "வண்டிய நீ கொண்டுட்டு வா. நான் ஆட்டோவுல போறேன்," என்றார். வாசலில் ஆட்டோவுக்காக நின்றபோது அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். சரியானது நடந்துவிட்டது என்று தெரிந்தும் மனசு லேசாகவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. புது போல்ட் மாட்டினால், வண்டி கொஞ்ச நேரம் ஓடியபின் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். அதனால் பட்டறைக்குப் போகுமுன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முதலில் வயலுக்குப் போனேன். ஐயப்பன் விடியும்போதே தொடங்கிவிட்டார். தூரத்தில் வண்டி வரப்பில் ஏறி இறங்கியது. அவர் வலப்பக்கம் திரும்பி, ரோட்டவேட்டரைப் பார்த்தபடி போனார். மட்கார்டில் யாரும் இல்லை.

அண்ணாச்சி ரோட்டுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் குடையோடு உட்கார்ந்திருந்தார்.

"இங்கேருந்து பாத்தா எல்லா வயலும் மட்டமாத்தான் தெரியுது ஓய்," என்றார்.

நானும் அவர் பார்த்த பக்கம் பார்த்தேன்.

"அந்த மேக்கு மூலையில ஒரு மேடு உண்டும். தொழி அடிக்கும்போதே அத வெட்டி விடணும், இல்லாட்டா அங்க தண்ணி ஏறாது. அவன்ட்ட கேட்டா எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொல்லுவான். எனக்குப் பயந்துட்டு." குடையை மடக்கினார். "நீரு போய்ப் பாத்துட்டு வந்து சொல்லும். உள்ளத உள்ளபடி."

மழை பெய்து வரப்பு வழுவழுவென்று கிடந்தது. மேற்கு மூலைக்குப் போக வேண்டுமானால் எல்லா வயலையும் கடக்க வேண்டும். எனக்கும் முழங்கால் வலிக்கிற வயதுதான். ஸ்பேனரை அவர் பக்கத்தில் சுவரில் வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டு வரப்பில் இறங்கினேன்.

பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று, கையை நீட்டி, இன்னும் மேற்கே போகச் சொல்லிக் காட்டினார். போனேன்.